சாலமனின் சாம்பியன் ரீஃப் அத்தி

என் வீட்டுக்காரர் சாலமனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பெயின்ட் டிரம்மிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நீல டிரம் இருக்கிறது. அதில் ஒரு சீமை அத்தி. கடையில் அஞ்சீர் என்று காயவைத்துக் கோத்து விற்கிறார்களே, அந்தப் பழம் காய்க்கிற மரம். என் வாழ்நாளில் எனக்கு இவ்வளவு எரிச்சல் கொடுத்த ஜீவன் வேறு கிடையாது. சாலமன்கூட இரண்டாவது இடம்தான்.

சாலமனுக்கு அறுபத்தொரு வயது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். இவர் மேலே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஏழு வருடம் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, ராத்திரி திரும்பிய ஆள். கடைசியில் அலுத்துப் போய் 2008இல் குடும்பத்தோடு இங்கே வந்தோம். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ரிடையர் ஆனார். ஃபிட்டர் புத்தி மட்டும் ரிடையர் ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் அளப்பார். நான் சுட்ட தோசையின் கனத்தை வெர்னியர் வைத்து அளந்து காட்டியவர்.

லைன் வீட்டைக் காலி செய்தபோது அவர் வாசலில் நின்ற அத்தி மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, ஈரத்துணி சுற்றி எடுத்து வந்தார். நான் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அவர் குச்சியை வைத்துக்கொண்டு வந்தார். முதலில் இருந்த வீட்டில் நாலு பக்கமும் கட்டடம், வெயிலே படாது. குச்சி உயிரோடு இருந்தது, காய்க்கவில்லை. 2019இல் தங்கவயலில் அந்த லைன் வீடுகளின் சுவர் இடிந்து விழுந்து, பழைய மரமும் போய்விட்டது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி. "கிரேஸு, அந்த ஜாதி இனிமே நம்ம டிரம்ல மட்டும்தான் இருக்குது" என்று சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தார். 2021இல் இந்த வீட்டுக்கு மாறியதற்கே மொட்டை மாடி வெயில்தான் காரணம். தண்ணீர் வசதி, சமையலறை, பஸ் ஸ்டாப் எதையும் அவர் பார்க்கவில்லை.

ரிடையர் ஆனதும் அந்த மரத்தின் ஜாதிப் பெயரைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். இலையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, தேதி போட்டு, நடு விரலின் நீளம், காம்பின் கனம் எல்லாம் எழுதிச் சுவரில் குத்தி வைப்பார். அத்தி வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தார். அதில் யாமினி மேடம் என்று ஒருவர். மல்லேஸ்வரத்தில் வீட்டைச் சுற்றி முப்பது ஜாதி அத்தி வைத்திருக்கிறாராம். 2023இல் அவர் இலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு விரலா ஆழமா பிளந்த இலை, நான் பார்த்ததில்லை. பழம் வந்தா காட்டுங்க, பேர் சொல்லப் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தார். அதை சாலமன் எங்கள் பெண்ணின் ப்ளஸ் டூ மார்க்கைக் காட்டிய மாதிரி எல்லாரிடமும் காட்டினார்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மரம் இப்போது இல்லை. கொன்றது நான்.

2024 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் பழைய மெஷின்களைக் கழற்றி மாட்டும் வேலை என்று கூப்பிட்டார்கள். இரண்டரை மாதம். போகும்போது என்னிடம் சொன்னதெல்லாம் மரத்தைப் பற்றித்தான். அந்த மார்ச்சில் பெங்களூரில் என்ன நடந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கட்டடத்து போர் வற்றிவிட்டது. வீட்டு ஓனர் கோவிந்தப்பா டேங்கருக்கு போன் போட்டுப் போட்டு, ஆளுக்கு நாலு குடம் என்று அளந்து கொடுத்தார். மாடியில் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்தால் குழாயையே பூட்டுவேன் என்றார். வெயிலோ மண்டையைப் பிளந்தது. நான் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். அங்கத்திய வெள்ளைக் கோட்டுகளையும் திரைகளையும் வீட்டில் துவைத்துக் கொடுப்பேன். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் தினமும் வாளியில் சுமந்து மூன்று மாடி ஏறி டிரம்மில் ஊற்றினேன். அதில் ப்ளீச்சிங் இருந்தது. எனக்கு அது அப்போது மூளையில் ஏறவில்லை. மரத்துக்குத் தண்ணீர் தருகிறோம் என்ற பெருமையில் ஊற்றினேன்.

பத்து நாளில் இலை ஓரம் கருகியது. இன்னும் தாகம் போலிருக்கிறது என்று இரண்டு வாளியாக ஊற்றினேன். அப்புறம் தண்டு கறுத்தது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சையே இல்லை. தினமும் சாயங்காலம் போன் செய்வார். "மரம் எப்படி இருக்குது?" என்றுதான் முதலில் கேட்பார். "நல்லா இருக்குதுங்க" என்பேன். ஒரு நாள் பயம் தாங்காமல் ஆட்டோ பிடித்து ஒரு நர்சரிக்குப் போனேன். பழைய போட்டோவைக் காட்டி, இதே உயரத்தில் ஒரு அத்தி வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். கழுத்தில் 'பூனா' என்று ஒரு அட்டை தொங்கியது. அதைக் கிழித்து அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். செத்த மரத்தைப் பிடுங்கி, மண்ணை மாற்றி, இதை வைத்து, கரும்புச் சக்கையைப் பரப்பி மூடினேன். புது மரத்தில் இலையே இல்லாமல் கிளை மட்டும் இருந்தது எனக்குச் சாதகமாகப் போயிற்று. அவர் வந்ததும், "வெயில்ல இலையெல்லாம் கொட்டிப் போச்சுங்க, இப்பதான் துளிர்க்குது" என்றேன்.

"என்னா கஷ்டப்பட்டிருப்ப கிரேஸு" என்று என் கையைப் பிடித்தார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் நாள் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஒரு மாதம் கழித்துச் சொல்ல முடியவே முடியாது.

அப்புறம்தான் என் தண்டனை ஆரம்பித்தது. புது இலைகள் வந்தன. அகலமாக, மூன்று விரலாக வந்தன. சாலமன் வரைந்தார், அளந்தார், பழைய தாளுக்குப் பக்கத்தில் குத்தினார். இரண்டும் வேறு என்று குருடனுக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. "அளவு பொய் சொல்லாது. மரம் அதிர்ச்சியில மாறியிருக்குது. பெங்களூர் வெயில், போர் தண்ணி, எல்லாம் சேர்ந்து இலையை மாத்திருச்சு" என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டினேன்.

யாமினி மேடத்துக்குப் புதுப் படங்களை அனுப்பினார். அந்தம்மா பார்த்துவிட்டு, "சார், இது சாதாரண பூனா. எல்லா நர்சரியிலயும் கிடைக்கும்" என்று எழுதிவிட்டார். வீட்டில் அன்று குக்கர் விசில் எது, இவர் சத்தம் எது என்று தெரியவில்லை.

"போன வருஷம் பார்த்ததே இல்லன்னு சொன்னது இதே பொம்பளதானே? இப்ப பூனாவாம்! படிச்சவங்க இல்ல, நாக்கை எப்படி வேணா புரட்டுவாங்க!"

"விடுங்களேன், பேர்ல என்ன இருக்குது?"

"என்ன இருக்குதா? நம்ம லைனையே நர்சரின்னு சொல்றாங்க, நீ என்ன இருக்குதுன்னு கேக்குற!"

குழுவில் அந்தம்மாவைத் தாறுமாறாக எழுதினார். பித்தலாட்டம் என்ற வார்த்தையைக்கூடப் போட்டார். குழுவை நடத்துகிறவர்கள் இவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். இன்னொரு குழுவில் சேர்ந்தார், அங்கேயும் பூனா என்றார்கள், அங்கேயும் சண்டை. லால்பாக் மலர்க் காட்சியில், தன் பையில் கொண்டுபோன கிளையைக் காட்டி, செடி விற்க வந்தவரோடும் சண்டை. ஊரில் அத்தி தெரிந்தவர்கள் எல்லாரும் சாலமனுக்கு எதிரி ஆனார்கள். ஒவ்வொரு சண்டையும் முடிந்து வந்து என்னிடம்தான் நியாயம் கேட்பார். நான் காபி போட்டுக் கொடுத்து, "உங்களுக்குத் தெரியாததா" என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருக்கும்.

மரமும் சும்மா இருக்கவில்லை. இலைக்கடியில் துரு மாதிரிப் புள்ளி வந்து மொத்தமாகக் கொட்டியது. அவர் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிக் கொளுத்தினார். கீழ் வீட்டுத் துணியெல்லாம் புகை என்று கோவிந்தப்பா மேலே வந்து கத்தினார். காய் வந்தது, கோலிக்குண்டு அளவில் உதிர்ந்தது. மறுபடி வந்தது, பழுக்கிற நாளில் கொண்டைக்குருவி கொத்திவிட்டுப் போனது. சென்ற ஜூலையில் கிளைகளைக் குட்டையாக வெட்டிவிட்டு, என் பழைய கொசுவலையை எனக்குச் சொல்லாமல் கிழித்து, ஒவ்வொரு காய்க்கும் பை தைத்துக் கட்டினார். நவம்பரில் ஆறு பழம் பழுத்தது. கழுத்து தொங்கி, தோல் லேசாக வெடித்து, அடியில் ஒரு சொட்டுத் தேன் நின்றது.

நான் நினைத்தேன், இன்றைக்கு இவர் ஒன்றைப் பிட்டு வாயில் போடுவார், இது இல்லை என்று தெரிந்துவிடும், என் பாரம் இறங்கும் என்று. அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "முதல் பலன் கர்த்தருக்கு" என்று ஆறையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து மூடினார். அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகையில் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். பெங்களூரில் யாருக்கு என்ன விளைகிறது? ஆகவே பூசணிக்காய், கோழி, கேக், ஊறுகாய் பாட்டில், கடையில் வாங்கிய வாழைத்தார் எல்லாம் ஏலத்துக்கு வரும். சபையில் பாதிப் பேர் தங்கவயல்காரர்கள். சாலமன் மைக்கைப் பிடித்தார்.

"இது நம்ம சாம்பியன் ரீஃப் அத்தி. அந்த மரம் இப்ப இல்ல. அதோட குச்சி என் வீட்ல பிழைச்சிருக்குது. கர்த்தர் காப்பாத்திக் கொடுத்தார்" என்றார்.

தங்கவயல்காரர்கள் எல்லாரும் முன்னால் நெருங்கி வந்தார்கள். ஏலம் ஏறிய வேகத்துக்கு, பக்கத்தில் இருந்த கோழிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஞ்சலா அக்கா எடுத்தார். அவர் சாலமன் இருந்த லைனில் நாலு வீடு தள்ளி இருந்தவர். எழுபது வயது, வாய்க்கு யாரும் எதிர்நிற்க முடியாது. எடுத்த கையோடு கேக் மேஜையிலிருந்து கத்தியை வாங்கி, ஆறு பழத்தையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தங்கவயல்காரர்களை மட்டும் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். சாலமனுக்கும் கொடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார். கண்ணை மூடினார்.

"இதேதான்" என்றார்.

"அதே ருசிடா சாலமா! ஒரு இழை மாறல" என்றார் ஆஞ்சலா அக்கா. ஒருவர் உள்ளே இன்னும் சிவப்பாக இருக்கும் என்றார், இன்னொருவர் இல்லை வெளுப்பு என்றார். லைனில் எந்தப் பழத்தையும் முழுக்கப் பழுக்க விட்டதே இல்லை, பச்சையிலேயே பறித்துத் தின்றவர்கள் இவர்கள். ஆனாலும் எல்லாரும் இதேதான் என்றார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பதினொரு பேர் குச்சி கேட்டார்கள். சாலமன் பதினொரு பேருக்கும் தருகிறேன் என்று அந்தப் பந்தலிலேயே, எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றியதும் கத்தரியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நானும் ஏறினேன். பதினொரு குச்சி வெட்டினால் டிரம்மில் ஒரு மொட்டைக் கட்டைதான் மிஞ்சும். அது பிழைக்குமோ என்னவோ. அவர் முதல் கிளையைப் பிடித்தார். கர்த்தர் பெயரைச் சொல்லி இவர் பதினொரு வீட்டுக்கு என் பொய்யை நட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்ததும் அவர் கையைப் பிடித்தேன்.

"வெட்டாதீங்க. அது அந்த மரம் இல்ல."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"அந்த மரம் செத்துப் போச்சுங்க. நீங்க கோயம்புத்தூர்ல இருந்தப்ப. நான் துணி துவைச்ச தண்ணிய ஊத்திட்டேன், ப்ளீச்சிங் தண்ணி. இது நர்சரில வாங்குனது. பூனான்னு அட்டை இருந்துச்சு, நான்தான் கிழிச்சுப் போட்டேன்."

அவர் கத்தரியை மூடித் தொட்டிச் சுவர் மேல் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மரம் செத்தது பரவால்ல கிரேஸு. தண்ணி இல்லாத காலம், யார் வீட்ல செடி பிழைச்சது? ஒன்றரை வருஷமா நான் ஊர்ல இருக்கிறவன்கிட்ட எல்லாம் நாய் மாதிரி சண்டை போட்டேன். நீ பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு இருந்தியே."

அழுதேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். சுவரிலிருந்த தாளையெல்லாம் எடுத்து மடித்துப் பீரோவில் போட்டார். செவ்வாய்க்கிழமை யாமினி மேடத்துக்கு போன் செய்தார். "நீங்க ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்னீங்க மேடம். ரெண்டும் வேற மரம். நான் எழுதுனதுக்கு மன்னிச்சிடுங்க" என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. அந்தம்மா என்ன சொன்னாரோ, இவர் "இல்ல மேடம், இனிமே கிடைக்காது" என்று வைத்துவிட்டார். நான் சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்தப் பதினொரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது நம்ம ஊர் மரம் இல்லை, நர்சரி மரம், வேண்டுமானால் எந்த நர்சரி என்று சொல்கிறேன் என்றார். முதல் ஆள் சிரித்தார். இரண்டாவது ஆள், "கேட்டது தப்புதாண்ணா" என்று முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டார். மூன்றாவது ஆஞ்சலா அக்கா. போனில் பேசாமல், சாயங்காலமே மூச்சு வாங்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குச்சி கொடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லேன்டா சாலமா. அதுக்கு இன்னா இப்படி ஒரு கதை? நர்சரியாமே!"

"அக்கா, சத்தியமா நர்சரிதான். கிரேஸைக் கேளு."

"நான்தான்க்கா வாங்கியாந்தேன்" என்றேன். "என் கையால அட்டையைக் கிழிச்சேன். அந்த மரத்தை நான்தான் சாகடிச்சேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ குடியாத்தத்துப் பொண்ணு. உனக்கு எங்க அத்தியப் பத்தி இன்னா தெரியும்? நான் வாயில போட்டுப் பார்த்தவ. புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத."

"நர்சரில வச்சிருந்தாங்கக்கா!"

"நர்சரிக்காரனுக்கு அது எங்கேந்து வந்துச்சாம்? எங்க லைன்லேந்து எவனாவது எடுத்துப்போய் வித்திருப்பான்." அதற்கு மேல் என்ன பேசுவது? அக்கா மாடிக்குப் போய், தொட்டிச் சுவர் மேலிருந்த கத்தரியால் தானே இரண்டு குச்சி வெட்டி முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னங்க இது? கையால வாங்குனவ சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க! கண்ணு முன்னாடி இருக்குது, இலையைப் பார்த்தாலே தெரியுது..." என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது சாலமன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். மூன்று நாளில் என் பக்கம் அவர் நீட்டிய முதல் பொருள் அது.

"இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. நீ பேசு."

பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுத்தார். "அண்ணா, நான் கிரேஸ் பேசுறேன். அந்த அத்தி மரத்தை நான் கொன்னுட்டேண்ணா. நீங்க சாப்பிட்டது வேற" என்றேன்.

"சும்மா சொல்லாதம்மா" என்றார் அவர், "எனக்கு ரெண்டு குச்சி எடுத்து வை."